கிணற்றடியில் கேட்ட 'நீ'

என் பெரியண்ணனை ஒருவர் 'நீ' என்று அழைத்ததை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் தொண்டாமுத்தூர்த் தோட்டத்துக் கிணற்றடியில்தான். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையிடமே 'ங்க' போட்டுப் பேசுவார்கள். அழைத்தவரோ மோட்டார் மெக்கானிக். அவருடைய அப்பா எங்கள் காட்டில் பண்ணையாளாக இருந்து, பிறகு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானவர். மகனுக்கும் எங்கள் வீட்டில் வாசலோடு சரி. குடிக்கும் தண்ணீரைக்கூடக் கையில்தான் ஊற்றுவார்கள். அப்படிப்பட்டவர், "நீ சாப்ட்டியா?" என்று கேட்க, அண்ணன் அவர் விரல்களிலிருந்த கிரீஸைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். சோற்றுப் போசியோடு தென்னைக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு இருவர் முகத்தையும் பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் எங்கள் மோட்டார் அடிக்கடி நின்றுபோனது. அண்ணனே ஒயரைக் கழற்றிவிட்டு, கணபதி என்ற ஊரிலிருந்த மெக்கானிக்கின் பட்டறைக்கு ஆள் அனுப்புவார். அப்பா புது மோட்டார் வாங்கிவிடலாம் என்றபோது அண்ணன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருக்க வேண்டும். எதுவும் கேட்காமல் கருமத்தம்பட்டியில் தறி வைத்திருந்த குடும்பத்தில் பெண் பார்த்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டார்.

மெக்கானிக்குக்குப் பம்பாயில் வேலை கிடைத்திருந்தது. அண்ணனையும் வரச் சொன்னார். கிளம்பும் நாள் காலை, அண்ணன் துணிப்பையோடு பின்வழியாக வந்தபோது, அம்மா கிணற்று மேட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை, கத்தவில்லை.

"போய்ட்டு வாங்க கண்ணு. நீங்க ரயிலேறுன சேதி வந்ததீம் நான் இதுல எறங்கிக்கறேன்."

அண்ணன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறி, ரயில் நேரமும் தாண்டியபின், நான்தான் பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

அண்ணியை அவர் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. இருந்தும் அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "உங்கண்ணன் எனக்கொரு கொறையும் வெக்கலீங்க அம்மணி. ஆனா பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே எங்கியோ போயிருவாருங்க."

சில வருடங்களுக்கு முன் அண்ணி இறந்தபோது துக்கம் கேட்க அந்த மெக்கானிக் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, பம்பாயிலிருந்து திரும்பி வெகுநாளாகிறதாம், கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். பழைய வழக்கப்படி வாசலிலேயே நின்றவரை அண்ணன் இறங்கிப்போய்க் கைபிடித்துக் கூட்டிவந்து, உறவினர்கள் பார்க்கத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். நான் காபி கொண்டுபோனபோது அவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"கணபதியில ஊடு இருக்குது. நான் ஒருத்தன்தான். இப்பவாச்சும் வாரியா?"

கதவோரம் நின்ற தன் மகனை அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பேரனுக்குப் பரீட்சை நடக்கிறது, முடியட்டும் என்றார். வந்தவர் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பேரன் இப்போது வேலைக்கே போகிறான். யானைக்காகத் தோட்டத்தைச் சுற்றி மகன் மின்வேலி போட்டிருக்கிறான். சாயங்காலமானால் அண்ணன் அந்த வேலிவரை நடந்துவிட்டுத் திரும்புவார். போன மாதம் போயிருந்தபோது, காரில் கூட்டிப்போய்க் கணபதியில் விட்டுவிடட்டுமா என்று நானே கேட்டேன். சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"ஆடி போவட்டும் அம்மணி" என்றார்.