அந்த அலறலை எடுத்தவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஓர் இரும்பு ஆலைக்குள்தான் அன்புசெல்வன் தன் முதல் படத்தை எடுத்தார். அவருக்கு ஊர் பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி. நெல் விளையும் குடும்பம்தான், ஆனால் அவர் வயலில் இறங்கியதைவிடப் பொன்னேரிக் கொட்டகையில் பேய்ப்படம் பார்த்ததுதான் அதிகம். ஆலையொன்றில் சூப்பர்வைசராக இருந்தார். அதை விட்டுவிட்டு, பங்காக வந்த நிலத்தை விற்று, ‘உலைக்குள் ஒருத்தி’யைத் தொடங்கினார். உலைத் தீயில் செத்துப்போன கூலிக்காரி ஒருத்தி மறுபடி வேலைக்கு வந்து நிற்கிற கதை.

பேயாக நடிக்க வேண்டிய நடிகை சென்னையிலிருந்து வரவே இல்லை. படக்குழுவுக்குச் சமைத்துக்கொண்டிருந்த முத்தம்மாளை அழைத்து அந்த வேஷத்தைக் கொடுத்தார். ஆரம்பாக்கத்துக்காரர். கணவர் லோகு அந்த ஆலைக்கு அடுத்த தெருவில், இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக்கும் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தார். முத்தம்மாளின் கண்ணும் நடையும் அப்படியே பொருந்திவிட்டன. அலறுவதுதான் வரவில்லை. கத்தச் சொன்னால் வெட்கம் வந்து சிரித்துவிடுவார்.

ஒருநாள் காலையிலிருந்து அந்த ஒரே காட்சி. பிலிம் வீணாகிக்கொண்டே இருந்தது. அன்புசெல்வன் கேமராக்காரரிடம் காதோடு ஏதோ சொல்லிவிட்டு முத்தம்மாளிடம் போனார்.

“முத்தம்மா, மில்லுலேர்ந்து ஆள் வந்துகீது. லோகு மேல கம்பி பாஞ்சிடுச்சாம்.”

அடுத்து முத்தம்மாள் போட்ட சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வாசலைப் பார்த்து ஓடியவரை நாலு பேர் பிடித்து நிறுத்தி, சும்மா சொன்னதென்று புரிய வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். முத்தம்மாள் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஒப்புக்கொண்ட வேலை என்பதால் மீதிக் காட்சிகளையும் நடித்துக் கொடுத்தார். படம் பார்க்க வரவில்லை.

படம் வந்த வேகத்தில் கொட்டகையை விட்டுப் போனது. அடுத்து எடுத்த இரண்டும் அதைவிட மோசம். அன்புசெல்வன் கவரைப்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டு, கல்யாணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் வீடியோ எடுத்துப் பிழைத்தார். இருபது வருஷம் அப்படியே ஓடியது.

அப்புறம் யாரோ அந்த முதல் படத்தை யூடியூபில் ஏற்றினார்கள். முத்தம்மாளின் அலறலை மட்டும் வெட்டி எடுத்து மீமாக்கினார்கள், ரிங்டோனாக்கினார்கள். ஜோசப் என்கிற சென்னை இளைஞர் அன்புசெல்வனைத் தேடி வந்து, ரசிகர்களைத் திரட்டி ஒரு திரையிடல் வைத்தார். அரங்கு நிரம்பி வழிந்தது. அன்புசெல்வனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த அலறலை எப்படி எடுத்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டதும், நடந்ததை நடித்துக் காட்டியே சொன்னார். சிரித்தார். அரங்கமும் சிரித்தது. அந்தப் பேச்சும் யூடியூபில் ஏறியது.

சில நாளில் ஒரு போன் வந்தது. “நான் முத்தம்மா பொண்ணு அருணா பேசறேன் சார். அம்மா உங்கள பாக்கணும்னு சொல்லுது.”

அன்புசெல்வனுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த திரையிடலுக்கு முத்தம்மாளை மேடையேற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு ஆரம்பாக்கத்தில் ரயில் இறங்கினார்.

முத்தம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டார். டீ கொடுத்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை.

“லோகு எப்படி இருக்காரு?” என்று அன்புசெல்வன்தான் கேட்டார்.

“அவரு இல்ல சார். நீங்க படம் எடுத்த அடுத்த வருசமே பூட்டாரு. மில்லுலதான். கம்பிதான்.”

அன்புசெல்வன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“மில்லு ஆளு சைக்கிள்ல வந்து சொன்னான். நான் மீன் அலசிக்கினு இருந்தேன். ‘இன்னா நைனா, நீயும் படம் எடுக்கறியா’ன்னு கேட்டேன். அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. தொரத்தி வுட்டுட்டேன். கொழம்பு வச்சேன், சோறு வடிச்சேன். அப்புறம் அவரு தம்பி அழுதுகினே ஓடி வந்தப்பதான் நம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. உயிரு இருந்த வரைக்கும் முத்தம்மா எங்க, முத்தம்மா எங்கன்னு கேட்டாராம்.”

“இத்தினி வருசமா ஏன் என்னாண்ட சொல்லல?”

“சொல்லி இன்னா ஆவப்போவுது? இத நான் யாராண்டயும் சொல்லல. நீங்க பேசினத அருணா போன்ல பாத்துட்டு, நெஜமாம்மான்னு கேட்டா. நானும் பாத்தேன். நீங்க சிரிச்சுகினே சொன்னீங்க சார். அதான் கூப்ட்டேன்.”

அன்புசெல்வன் கையெடுத்துக் கும்பிட்டார். முத்தம்மாள் அந்தக் கும்பிடைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனின் போனில் அந்தச் சத்தம் வந்தால் அம்மா அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார் என்று அருணா வாசலில் சொன்னாள்.

ரயில் ஏறும் முன்பே அன்புசெல்வன் ஜோசப்புக்குப் போன் போட்டார். படத்தையும் பேச்சையும் யூடியூபிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். ஜோசப் நல்ல பையன், தன் சேனலில் இருந்ததை அன்றைக்கே எடுத்துவிட்டார். “மத்தவங்க கிட்ட ஆயிரம் காப்பி இருக்கு சார். அதெல்லாம் நம்ம கையில இல்ல,” என்றார்.

அடுத்த திரையிடலுக்கு டிக்கெட் ஏற்கெனவே விற்றிருந்தது. அன்புசெல்வன் போனார். படம் போடுவதற்கு முன்பே மைக்கைக் கேட்டு வாங்கி, லோகு இறந்ததைச் சொன்னார். தான் சொன்ன பொய்யால் ஒரு பெண்ணுக்குப் புருஷனின் கடைசி முகம் கிடைக்காமல் போனது என்றார். தயவுசெய்து அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்காதீர்கள் என்றார். பிறகு ஒருவர் எழுந்து கை தட்டினார், எல்லோரும் எழுந்து தட்டினார்கள். அன்று இரவே ஒரு புது வீடியோத் துண்டு பரவியது, ‘நிஜ மரணத்தை முன்பே சொன்ன அலறல்’ என்று தலைப்பு போட்டு. அதை முன்பைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

காலையில் அருணாவுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் சொன்னார்.

“நல்லது செய்யணும்னுதான் நெனச்சேம்மா.”

“தெரியுது சார்,” என்றாள் அருணா. “ஆனா இனிமே எங்கப்பாவப் பத்தி எங்கயும் பேசாதீங்க. அது அம்மாவோடது.”

“சரிம்மா.”

அவள் போனை வைத்துவிட்டாள். அன்றைக்குப் பொன்னேரியில் ஒரு காதுகுத்து. அன்புசெல்வன் கேமராப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமன் மடியில் உட்கார வைத்த குழந்தை ஊசியைப் பார்த்ததும் வீறிட்டது. சுற்றி நின்றவர்கள், “சார், கிட்ட வந்து எடுங்க,” என்றார்கள். அவர் குழந்தை அழுது ஓயும்வரை கேமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.