குழலின் மேல் போட்ட பழி

முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குத் தாளில் ஓட்டைகள் விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தே தப்பு யார் மேல் என்று சொல்லிவிடலாம். பக்கவாட்டில் போனால் காற்று, இல்லாவிட்டால் என் விரல். நாலா பக்கமும் சிதறினால் துப்பாக்கியின் குழல் தேய்ந்துவிட்டது. ஒன்றன் கீழ் ஒன்றாக நெட்டுக்குத்தாக இறங்கினால் தோட்டாக்களில் வெடிமருந்து ஒரே அளவாக இல்லை. எனக்கு எல்லாம் நெட்டுக்குத்தாக இறங்க ஆரம்பித்தது போன வருடம். தோட்டாக்களைச் செய்து தருபவர் என் கணவர்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ரைஃபிள் போட்டிகளில் பல வருடங்களாகச் சுடுகிறேன். அவர் கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கிச் சத்தம் அவருக்கு ஆகாது, சுடும் இடத்தின் பக்கமே வரமாட்டார். ஆனால் எங்கள் கிளப்பில் உரிமம் பெற்ற சின்ன அறை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, மருந்தை நிறுத்து ஊற்றி, குண்டைப் பொருத்தி எனக்குத் தோட்டா செய்வார். கடைத் தோட்டாவை "ஓட்டல் சாப்பாடு" என்று கேலி செய்வார். அவர் கைத் தோட்டாவை வைத்துத்தான் நான் பதக்கம் வாங்கினேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டது மட்டும் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில், கல்யாணப் புடவை எடுக்க வரும் வண்டிகள் காந்தி ரோட்டை அடைப்பதற்குள் காரைக் கிளப்பிவிடுவோம். கிளப் தென்னேரிக்கு அப்பால் இருக்கிறது. அவர் அறைக்குள் போய்விடுவார், நான் சுடப் போவேன். திரும்பி வந்ததும் தாளைக் கேட்பார். அவருக்கு அதுதான் மார்க் ஷீட்.

அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தபோது டாக்டர் அதைப் பார்கின்சன் நோய் என்றார். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட ஒப்புக்கொண்டார். தோட்டா வேலையை மட்டும் விடவில்லை.

"இத வுட்டா நான் என்னாம்மா பண்ணுவேன்?" என்றார்.

ஒரு நாள் அறை வாசலில் நின்று பார்த்தேன். கூட்டுக்குள் ஊற்றும்போது மருந்து சிந்தியது. முன்பென்றால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து நிறுப்பார். அன்று உத்தேசமாக ஒரு சிட்டிகையைப் போட்டுவிட்டு அடுத்த கூட்டை எடுத்தார். நான் சத்தம் போடாமல் வந்துவிட்டேன்.

தாளைக் காட்டுவதை அதோடு நிறுத்தினேன். காற்றில் கிழிந்துவிட்டது, அங்கேயே விட்டுவிட்டேன் என்று ஏதாவது சொல்வேன். "குழல் போயிடுச்சுங்க. ஆயுசு முடிஞ்சிடுச்சு" என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். அந்தக் குழலில் நான் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதில் கணக்கு உண்டு. "இன்னும் ரொம்ப நாள் தாங்கணுமேம்மா."

"நோட்டா சுடுது? நான்தானே சுடுறேன்!" என்று கத்தினேன். கோபம் எனக்கு எப்போதும் கைகொடுக்கும். அவர் நோட்டை மூடிவிட்டார்.

புதுக் குழல் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆனது. அதற்காக அலைந்தவர் அவர்தான். அந்த மாதங்களில் அவர் செய்ததையே சுட்டேன். மருந்து குறைந்தால் குண்டு கீழே இறங்கும், அவ்வளவுதான். கூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, சுட்டபின் கூட்டை வெளியே இழுக்கும் போல்ட்டைத் தூக்க முடியாமல் இறுகிவிடும். இன்னும் கூடினால் முகத்துக்கு நேரே வெடிக்கும். இரண்டு தடவை இறுகியது. உள்ளங்கையால் தட்டித் திறந்து, கூட்டைப் புதரில் எறிந்துவிட்டு, அவரிடம் போய்ச் சிரித்தேன். அவர் மேல் இருக்கும் அன்பால்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் கோழைத்தனம். அவர் முகம் வாடிப்போவதைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

புதுக் குழலைப் பொருத்திய ஞாயிறு அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொலைநோக்கியை அவரே பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. அவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆறாவதில் போல்ட் இறுகிக்கொண்டது. தட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, துப்பாக்கியை வாங்கி, அவரே தட்டித் திறந்தார். கூட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மருந்து கூடிப்போன அழுத்தத்தில் அது நசுங்கித் தட்டையாகியிருந்தது.

"இது மொத தடவையா?"

"மூணாவது" என்றேன்.

பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "நீ குழல்தான்னு சொன்னியே. அத நம்பித்தான் என் கை இன்னும் சரியா இருக்குதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். உன்னக் கொல்ல என் கையாலயே செஞ்சு குடுத்துக்கினு இருந்திருக்கேன், நீயும் பாத்துக்கினு இருந்திருக்க."

மீதித் தோட்டாக்களை அறைக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைத் தட்டிக் கொட்டினார். உதவ நீண்ட என் கையைத் தள்ளிவிட்டார். நான் வாசலில் நின்று அழுதேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் அவர் அந்த அறைக்குப் போகவில்லை. பேச்சு நிற்கவில்லை, மருந்து மாத்திரை, கரண்ட் பில், எல்லாம் பேசுகிறோம். காலையில் தானே காபி கலந்து எடுத்துவருகிறார். "கீழ சிந்துச்சா?" என்று கேட்கிறார். "இல்லீங்க" என்கிறேன். சிந்தாத நாட்களிலும் குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.