லேடாங் மலைக்குப் போன தனம்

செவ்வாய்க்கிழமை காலை மலாக்கா காஜா பேராங்கில் என் வீட்டு வாசலில் தனலட்சுமியின் மகன் மோட்டாரை நிறுத்தினான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், "அம்மா போயிட்டாங்க ஆண்ட்டி" என்றான். விடியற்காலையில், தூக்கத்திலேயே. அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். எனக்கு அழுகை மாலையில்தான் வந்தது.

உங்களில் பலருக்கு அவளைக் கோயில் பஜனையில்தான் தெரியும். எனக்கு அவள் தொலைபேசி நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரி. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் முடிந்து, காட்டுப் பக்கம் போகத் தடையில்லை என்றானதும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: வானம் தெளிந்தால் தூரத்தில் நீலமாகத் தெரியும் லேடாங் மலையில் ஏற வேண்டும்.

மாசி மாதம், மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். துணைக்கு அவள் அண்ணன். அவருடைய காற்சட்டையைத்தான் தனம் போட்டிருந்தாள். ஊரில் வெயில் காய்ந்தது. மலைக்குள் மழைக்காலம் இன்னும் முடியவில்லை. மட்கிய இலைக்கடியில் கணுக்கால்வரை சேறு. விழுந்து கிடந்த மரங்களுக்கடியில் தவழ்ந்தோம். அட்டைகள் காலுறைக்குள் புகுந்தன. பாதி மலையில் மண் சரிந்து பாதை அறுந்திருந்தது. வேரைப் பிடித்துத் தாண்டிவிடலாம் என்றார் அண்ணன். நானும் ஆமாம் என்றேன். தனம் விளிம்பைக் காலால் தட்டினாள். மண் பொலபொலவென்று கீழே போயிற்று.

"வேணாம் லா, திரும்புவோம். நாளைக்கு என்னைப் பொண்ணு பார்க்க வராங்க. ரெண்டு காலோட போய் நிக்கணும்."

அதுவரை என்னிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் அவர்கள் பெண் பார்க்க வந்தபோது நானும் அவள் வீட்டில் இருந்தேன். காப்பித் தட்டை வைக்கத் தனம் குனிந்தபோது காலில் அட்டைக் கடிவாய் திறந்து பாயில் ரத்தம் சொட்டியது. குளியலறைப் படியில் இடித்துக்கொண்டாள் என்று அவள் அம்மா அவசரமாகச் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் தனத்தையே பார்த்தார்.

"அட்டை கடிச்சிருச்சு அத்தை. நேத்து லேடாங் மலைக்குப் போனேன்."

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். ஆனால் அந்தத் தாயார் ஜாசின் பக்க ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால்மரம் சீவியவர். சேலையைச் சற்றே விலக்கி, கணுக்காலில் கறுத்துப்போன தழும்புகளைக் காட்டினார்.

"எனக்கும் இருக்கு. சொறியாதே, புண்ணாயிடும். உச்சி வரைக்கும் போனியா?"

"இல்ல அத்தை. பாதை சரிஞ்சு கெடந்துச்சு, திரும்பிட்டோம்."

"நல்ல வேலை செஞ்சே" என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. நீ சொல்லு."

மாப்பிள்ளை தலையாட்டினார். பாவம், வாய் திறக்க அவருக்கு வெட்கம்.

கல்யாணம் முடிந்து, அடுத்த மாசியில் அவரும் எங்களோடு மலைக்கு வந்தார். மாமியார் அருவிவரை வந்து, தண்ணீரில் கால் நனைத்து உட்கார்ந்துகொண்டார். உச்சியில் கடலும் தெரியவில்லை, மலாக்காவும் தெரியவில்லை. எங்கும் மேகம். "ஒன்னுமே தெரியல" என்று சிரித்துக்கொண்டே தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேறு காய்ந்து சொரசொரத்த கை அது. மேகம் விலகும்வரை விடவில்லை. அந்தப் பிடிதான் அவளிடமிருந்து எனக்கு மிச்சம்.