பொருள் எண் இருபத்தேழு

எங்கள் நகராட்சியில் தீர்மானங்களைக் கூட்டத்துக்கு முதல் நாளே தட்டச்சு செய்துவிடுவோம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கப்பட்டதில்லை. மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று நானே அடித்து வைப்பேன். மறுநாள் தலைவர் எண்களை வாசிப்பார், உறுப்பினர்கள் "ஆல் பாஸ்" என்பார்கள், முறுக்கும் டீயும் வரும். நான் அடித்தது அப்படியே பலிக்கும். எந்த ஜோசியக்காரனுக்கும் அவ்வளவு பலித்திருக்காது.

அந்த மாதப் பட்டியலை அடிக்கும்போது ஒரே புல எண் இரண்டு இடத்தில் வந்தது. பதினொன்றாவது பொருள், ஊரின் தெற்கு ஓரம் ஓடும் வாய்க்காலைத் தூர்வாரி முடித்ததற்கு ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்க அனுமதி. இருபத்தேழாவது பொருள், அதே இடத்தில் வணிக வளாகம் கட்ட மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்பது. அதோடு இணைத்திருந்த அறிக்கையில், இடத்தை நேரில் பார்வையிட்டதில் வாய்க்கால் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். பதினொன்றில் தூர்வாரிய வாய்க்கால் இருபத்தேழுக்குள் காணாமல் போயிருந்தது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இரண்டு பக்கங்களையும் மறுபடி படித்தேன். அந்த வாய்க்கால் கரையில்தான் நான் தினமும் வண்டியில் வேலைக்கு வருவேன். அதன் கடைமடையில் அப்போதும் சில குடும்பங்கள் நடவு நட்டுவந்தன.

பட்டியலை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். அடிக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சுது சார். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க. இந்த நேரத்துல மாறுதல் போட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் மிரட்டவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னார். நான் இடத்தில் வந்து உட்கார்ந்து, இருபத்தேழின் கீழும் 'ஏகமனதாக' என்று அடித்தேன்.

மறுநாள் கூட்டத்தில் தெற்கு வார்டு உறுப்பினர் எழுந்தார். முதல் தடவை ஜெயித்து வந்த பெண்மணி. கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அப்போது அந்த வாய்க்காலின் கடைசியில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் உலை கொதித்தது அந்த வயலை நம்பித்தான். மற்றவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காத பட்டியலை அவர் முழுக்கப் படித்து, இரண்டு பக்கங்களின் மூலையை மடித்து வைத்திருந்தார்.

"தலைவரய்யா, பதினொண்ணுல வாய்க்கால் இருக்குங்க. இருபத்தேழுல இல்லேங்குறீங்க. அத அடைச்சுட்டா எங்க வயலுக்கு எப்படிங்க தண்ணி வரும்? நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன். எழுதிக்கச் சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் முகம் மாறவே இல்லை.

"எழுதிக்குவாங்கம்மா. நீங்க உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, குறிப்பு நோட்டில் பேனாவை ஓட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்தார். அடுத்த எண்ணை வாசித்தார்கள். முறுக்கு வந்தது.

சாயங்காலம் தீர்மானங்களைக் கோப்பில் சேர்த்தேன். அந்த ஒரு பக்கத்தை மாற்றி அடிக்க ஐந்து நிமிடம் போதும். மாற்றாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. தலைவர் சொல்லவில்லை, மேலாளர் அன்று லீவு. சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்குப் பயம். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை.

மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்தபோது, வாய்க்காலில் லாரி லாரியாக மண்ணடித்து மேவியிருந்தார்கள். நாற்றங்கால் காய்கிறது என்று ஊரில் பேச்சு அடிபட்டது. அந்த வாரமே தெற்கு வார்டு உறுப்பினர் என் மேசைக்கு வந்தார்.

"சார், வக்கீலப் பாத்தேன். நானும் கூட்டத்துல ஒத்துக்கிட்டேன்னு எதிர்த்தரப்புல சொல்றாங்களாம். நான் எதிர்த்துப் பேசுனது தீர்மானத்துல இருக்குமில்ல? அதக் காட்டுனா தடை வாங்கிடலாம்னு சொல்றாரு. நகல் குடுங்க சார்."

நகல் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து படித்தார். அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்களே சார்," என்றார். "அதப் பாத்துட்டுத்தானே நான் உக்காந்தேன்."

நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போயிட்டு வர்றேன் சார் என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

குறிப்பு நோட்டு டிராயரில்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்றைய பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. 27 என்ற எண்ணை மட்டும், அதன்மேலேயே திரும்பத் திரும்ப, தாள் கிழிகிற வரைக்கும் எழுதியிருந்தேன்.