அலசிய கொடி

மஸ்கட்டில் அப்போது எங்களுக்கென்று தேவாலயம் இல்லை. ரூவியை ஒட்டிய முகாமில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தமிழ் ஆராதனைக்கு அதைத் தந்திருந்தார்கள். பத்திரிகை அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போவேன்.

பீடத்தை அடுத்த சுவரில் ஒரு பட்டுக்கொடி தொங்கியது. கலைக்கப்பட்ட படைப்பிரிவு ஒன்றினுடையது. மஞ்சள் துணி, அந்தப் படையினரின் சட்டைக் காலரும் அதே மஞ்சள்தான் என்று சாவி வைத்திருந்த மேஜர் ஒருமுறை விளக்கினார். நடுவில் கிரீடம், சுற்றிலும் பூமாலை. இருபுறமும் சிறு பட்டைகளில் வென்ற போர்களின் பெயர்கள். ஒன்றில் ஸ்ரீரங்கப்பட்டணம், இன்னொன்றில் சோளிங்கர்; இரண்டும் நம் மண்ணில், நம்மவர்களோடு நடந்த போர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் பெண்கள் ஆலயத்தைக் கழுவினார்கள். தூத்துக்குடி நர்ஸ் ஒருவர் கொடியையும் இறக்கி, அலசி, கிழிசலைத் தைத்து மாட்டிவிட்டார். அவர்கள் ஊரில் பண்டிகைக்கு முன் கோயிலில் ஒரு துணியையும் துவைக்காமல் விடமாட்டார்கள்.

மறுநாள் மேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆலயத்தில் வைத்துவிட்ட கொடியில் அதன்பின் ஊசி படக் கூடாதாம். தானாக இற்று உதிர வேண்டும், அதுதான் அவர்கள் மரபு. அந்தப் பெண் எழுத்தில் மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி ஆலயம் கிடையாது என்றார்.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சபையில் பலரும். ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு.

"ரெண்டு வரிதான் சிஸ்டர்."

"எதுக்கு அண்ணாச்சி? களவாண்டனா? அழுக்குத் துணிய அலசுனேன். இதுக்கு மன்னிப்புக் கேட்டா, நாளைக்குப் பீடத்தத் துடைச்சதுக்கும் கேக்கச் சொல்லுவாவ."

"மரபுங்கிறாரே."

"சோளிங்கர்ல செத்தவனுக்கு யாரு மன்னிப்பு எழுதுனா? அத வாங்கிட்டு வாங்க, நானும் கையெழுத்துப் போடுதேன்."

அதை வார்த்தை மாற்றாமல் மேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சாவியை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அந்த வெள்ளிக்கிழமை முகாம் கேட்டுக்கு வெளியே, சாலையோரம் நின்றோம். பாட்டுப் புத்தகங்கள் உள்ளே பூட்டிக் கிடந்தன. மனப்பாடமாகத் தெரிந்ததைப் பாடினோம். சீக்கிரம் முடித்துவிட்டுப் போகச் சொல்லி, அரபியும் இந்தியும் கலந்து கத்தியபடி காவலாளி ஓடிவந்தார்.

"கலாஸ், பாய், கலாஸ்! ஜல்தி!"

"இன்னும் மூணு சரணம் இருக்கு பாய்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அடுத்த சரணத்தை முன்னதைவிட உரக்க எடுத்தார் நர்ஸ்.