சைலன்சரில் பொரிந்த தண்ணீர்

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எல்லாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். நான் தெளிப்பதில்லை. அந்த 'ஸ்ஸ்' அடங்குவதற்குள் எனக்கு மூக்கு நிறைய மீன் நாறும். பச்சை மீனின் நாற்றமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது ஐஸில் ஊறி, மரத்தூளில் புரண்டு, துருவைக் குடித்து, கொதிக்கிற இரும்பில் விழுந்து கருகிய மீன்தண்ணீர். முப்பது வருடமாக அது என் குசினியை விட்டுப் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணை ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். விடியுமுன் விசுவமடுவிலிருந்து முல்லைத்தீவுக் கரைக்குப் போகும். மீனை ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு, புதுக்குடியிருப்பில் நின்று, வழியெல்லாம் விற்று, மிச்சத்தை எங்கள் வீட்டு வாசல் படலையடியில் விற்று முடிக்கும். அதன் பின்தட்டைக் கழுவுவது நான். இன்னார் சொல்லி அந்த வேலை வரவில்லை. கலியாணமாகாத தங்கச்சி சும்மாதானே இருக்கிறாள் என்று அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது, செதில் ஒட்டுவதுபோல.

செதில். முழங்கை வரை செதில். காய்ந்தால் மினுங்கும், தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அழகு. மீனை மூடும் படங்கின் மடிப்பை விரித்தால் புழு, சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக, கொழுப்பாக. அன்றைக்குச் சோற்றுக் கோப்பையைப் பார்க்கவே முடியாது. பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தபோது தலைக்கு மூன்று தரம் அரப்பு வைத்தேன். வந்த அம்மா தேத்தண்ணீரை வாயில் வைக்குமுன் கோப்பையைத்தான் மணந்து பார்த்தார்.

ஆனால் என்னைக் கொன்றது அந்த மூலைதான். மீன் இறங்க இறங்கப் பாரம் குறைந்து, பின்சில்லுகளுக்கு மேலுள்ள வில்லுகள் நிமிரும். தட்டிலுள்ள தண்ணீரெல்லாம் முன்பக்கம், சாரதியின் இருக்கைக்குப் பின்னாலுள்ள மூலைக்கு ஓடிவந்து தேங்கும். குடலும் இரத்தமும் கலந்த சளிபோன்ற குழம்பு. அதைச் சிரட்டையால் அள்ள வேண்டும். அள்ளும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன், அடக்கிய மூச்சே நாறும். ஒருநாள் பொறுக்க முடியாமல், துருவேறி அடைத்துக் கிடந்த ஒரு பொத்தலைத் தேடிப் பிடித்து, உடைந்த குடைக்கம்பியால் குத்திக் கிண்டினேன். கறுப்பாக ஏதோ கழன்று விழுந்தது. மூலை முழுவதும் கடகடவென்று இறங்கிப் போயிற்று. சந்தோசத்தில் நான் பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

பிக்கப்பை ஓட்டியவர் மலைநாட்டுக்காரர், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டவர். பிறத்தியாரின் மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குக் குனிந்துகொண்டிருந்தார். லைசன்ஸ் இருப்பது தெரிந்து அண்ணை கூப்பிட்டபோது, மீன் ஏற்றும் வேலைக்கு முதல் நாள் அயர்ன் பண்ணிய சேட்டோடு வந்து நின்றார். ஸ்ரேறிங் கையில் இருக்கும் வரைதான் அவர் குனிய வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும்.

நான் பொத்தலைக் கிண்டிய மறுநாளே பிக்கப் சீறிக்கொண்டு வந்தது. அடியிலிருந்து வெள்ளைப் புகை. அதோடு வந்த நாற்றம் வேலி தாண்டிப் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இனி நாங்கள் மீனை வாங்கிப் பொரிக்கத் தேவையில்லை. உங்கடை பிக்கப் பொரிச்செல்லோ கொண்டு வருது!"

அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னடா, தண்ணியில்லாமல் ஓட்டினனியோ?"

"இல்லீங்க முதலாளி. றேடியேற்றர்ல தண்ணி அப்படியே இருக்குங்க. இது பின்னாலயிருந்து சொட்டுது."

சாரதி சீலைத் துண்டால் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் வாய்வரை நின்றது.

"வழியிலை வாய்க்காலிலை அள்ளி ஊத்திப்போட்டு வந்து எனக்குக் காட்டுறியோ?"

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் மீன் விற்காது. வீடுகளில் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆகவே பிக்கப் சும்மா நிற்கும் நாளும் அதுதான், திருத்தக் கராச்சுக்குக் கொண்டுபோகும் நாளும் அதுதான், சாரதிக்கு லீவு நாளும் அதுதான். வியாழன் பின்னேரம் நான் கழுவிவிட்ட தட்டு, வெள்ளி காலையில் எலும்பாகக் காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த பிக்கப்பை அண்ணை தானே ஓட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். கராச்காரர் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. வெளியிலை ஒழுக்கில்லையெண்டால் உள்ளுக்கைதான் குடிக்குது, எஞ்சின் ஹெட்டிலை பிழை, தண்ணியில்லாமல் ஓட்டிச் சுட்டிருக்கினம் என்றாராம். இப்போதைக்கு அடைபடட்டும் என்று றேடியேற்றருக்குள் ஒரு கரண்டி மஞ்சள்தூளும் போட்டு அனுப்பினார்.

சனிக்கிழமை மீன் ஏறியது. பிக்கப் மறுபடி சீறியது.

இரண்டாம் வெள்ளியும் அப்படியே. அன்றைக்குப் பிக்கப் கிளிநொச்சியிலிருந்து திரும்பி முற்றத்தில் நின்றபோது, நான் கிணற்றடியில் நின்று கவனித்தேன். சீறல் இல்லை. நாற்றம் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் சுகமாகிற வருத்தம் என்ன வருத்தம்? றேடியேற்றர் தண்ணீரில் எப்படி மீன் மணக்கும்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே கையில் குடைக்கம்பி பிடித்த ஞாபகம் வந்தது. நான் திறந்துவிட்ட பொத்தல்தான் சொட்டுகிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணையின் கைக்குப் பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது, தட்டு மூலையில் கிடந்ததைவிட அழுகலாக: பழி ஏற்கெனவே ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது, அந்த இடத்தில் இருந்தவர் எங்களுடைய ஆள் இல்லை.

ஹெட்டைக் கழற்றக் கராச்காரர் மூன்றாம் வெள்ளிக்கு நாள் குறித்தார். அதற்கு முதல் நாள் வியாழன், படலையடியில் மீன் வாங்கச் சனம் நிற்க, அண்ணை சத்தம் போட்டார்.

"தோட்டக்காட்டானை ஸ்ரேறிங்கிலை இருத்தினது என்ரை பிழை. பிக்கப் திறப்பைத் தந்திட்டு நட. உனக்கு மண்வெட்டிதான் சரி."

சனம் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. சாரதி கையைச் சவர்க்காரம் போட்டு விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தார், வேலைக்கு வந்த முதல் நாள் போலவே சுத்தமாக. சைலன்சர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் குசினிக்குள் ஓடினேன். வெள்ளை வேட்டிகளுக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்தேன்.

"என்னடி, பிக்கப்புக்கு நீலம் போடப் போறியோ?" என்றார் அண்ணை. இரண்டொருவர் சிரித்தார்கள்.

"கீழை குனிஞ்சு பாருங்கோ" என்று சொல்லித் தட்டில் ஊற்றினேன். நீலம் மூலைக்கு ஓடியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு 'ஸ்ஸ்'. நீலச் சொட்டு ஒன்று சைலன்சரில் விழுந்து வெடித்து ஆவியாகியது. இன்னொன்று. குழாய் முழுக்க நீலப் பொட்டுகள்.

குனிந்த அண்ணை நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் துடைத்த பலகைபோல் இருந்தது.

"துருவிலை ஓட்டை விழுந்திருக்கு" என்றார், யாருக்கென்று இல்லாமல். குத்தியது நான் என்று இப்போதாவது சொல்லலாம். சொல்லவில்லை. சனம் நின்றது.

பிறகு சாரதியின் பக்கம் திரும்பாமலே, "சரி, சனிக்கிழமை வெள்ளண வா" என்றுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க உள்ளே போனார். அவ்வளவுதான். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. தரையில் காறித் துப்பிய சளியை யார் திருப்பி எடுப்பார்கள்?

சாரதி திறப்பை இருக்கையில் வைத்துக் கதவை மெதுவாகச் சாத்தினார். படலை தாண்டி ஒழுங்கைக்குள் இறங்கியவருக்குப் பின்னால் ஓடினேன், கையெல்லாம் நீலமாக.

"சனிக்கிழமை வருவியளோ?"

"இல்லீங்க."

"பிள்ளையளுக்கு என்ன செய்வியள்?"

"மொளகாய்க்குத் தண்ணி கட்ட ஆள் கேக்குறாங்க."

அவர் நடக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு வாய் வந்தது. "அந்த ஓட்டை துருவிலை வந்ததில்லை. நான்தான் குடைக்கம்பியாலை குத்தினனான்."

அவர் நின்று என் கையைப் பார்த்தார்.

"அதாலதான் சொட்டுதுன்னு எப்ப தெரிஞ்சுதுங்க?"

"ரெண்டாம் வெள்ளிக்கிழமை."

கோபப்படுவார் என்று காத்து நின்றேன். அவர் சேட்டுக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."