டார்ச் லைட்டைப் பார்த்தேன் என்றார்

என் சைக்கிளில் விளக்கு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். விளக்கு இருந்தது. கடையில் சைக்கிளுக்கென்று விற்கிற விளக்கு இல்லை, கையில் பிடிக்கிற டார்ச் லைட். ஆனால் அது எரிந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் வந்து இடித்தார்.

ஜொகூர் பாருவின் தம்போயில் எங்கள் ஃபிளாட் உள்ளடங்கிய இடத்தில் இருக்கிறது. நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பஸ் முன்பெல்லாம் எங்கள் ஃபிளாட் வாசல்வரை வரும். ஒரு நாள் பஸ் டிரைவர் சொன்னார், இனிமேல் பெரிய சாலையிலேயே நின்றுவிடும், உள்ளே திரும்பினால் நேரம் வீணாகிறதாம், கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். எங்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஃபிளாட்டிலிருந்து ஏறுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். காலை ஆறு மணிக்குப் பஸ். ஜொகூரில் ஆறு மணி என்றால் நடு இரவு மாதிரி இருட்டு.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பாலத்தில் நெரிசலுக்குமுன் போய்ச் சேர வேண்டுமென்று நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னைக் கொண்டுபோய் விட ஆளில்லை. பெரிய சாலைவரை நடந்து போகலாம் என்றால் பட்டறைகளின் பின்பக்கச் சாலை நீளம், நாய்களும் அதிகம். மகள் ஓட்டி விட்டுப்போன சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். அதில் விளக்கு இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த தகடு மட்டும் இருந்தது.

அந்தச் சாலையில் விளக்குக் கம்பங்கள் இல்லாமலில்லை. வரிசையாக நிற்கும். ஒன்றும் எரியாது. நான் நகராட்சிக்கு ஃபோன் செய்து சொன்னேன். அந்தச் சாலை எங்கள் பொறுப்பில் இல்லை என்று ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணில் பேசியவர் முதலில் பேசிய இடத்துக்கே பேசச் சொன்னார். பிறகு நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு எல்.ஈ.டி. டார்ச் லைட் வாங்கினேன்.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனான கறுப்பு டார்ச். தலையை முன்னால் இழுத்தால் வெளிச்சம் குவிந்து சின்னச் சதுரமாக விழும், பின்னால் தள்ளினால் வட்டமாக விரியும். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஹேண்டில் பாரில் இறுக்கிக் கட்டினேன். முதல் நாளே பாடம் கிடைத்தது. ஒவ்வொரு குழியிலும் டார்ச் தலையைக் குனிந்துகொண்டு முன்சக்கரத்தையே காட்டியது. பழைய சிலிப்பரிலிருந்து ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்தேன், நின்றது. அடுத்தது, குழியில் தடுக்கினால் உள்ளே பேட்டரி குதித்து, டார்ச் தானாகவே கண் சிமிட்டத் தொடங்கிவிடும். நான் ஓட்டிக்கொண்டே பட்டனை அமுக்கி அமுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவேன். எதிரே மோட்டாரில் வந்த ஒருவன் நிறுத்தி, கண்ணில் அடிக்கிறது என்று திட்டினான். அவனுடைய விளக்கு என் கண்ணில் அடித்ததை யாரிடம் சொல்வது? ஆனாலும் பேட்டரியின் பின்னால் அலுமினியத் தாளை மடித்து வைத்து அதையும் சரிசெய்தேன். தலையைத் தாழ்த்திக் கட்டினேன். மழைக்கு மேலே பிளாஸ்டிக் பை. ஒரு கம்பெனியும் ஒரு சாலையும் செய்ய வேண்டிய வேலையை ஒரு டார்ச்சையும் சிலிப்பர் துண்டையும் வைத்து நான் செய்துகொண்டிருந்தேன்.

கீழ்வீட்டு அக்காவும் என்னோடு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதே தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதியில் வேலை. அவருடைய சைக்கிளில் பின்னால் சிவப்புக் கண்ணாடி இருந்தது, முன்னால் எதுவும் இல்லை. "நீ முன்னால போ தங்கச்சி, ஒன் வெளிச்சம் எனக்கும் போதும்லா" என்பார். என் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டி வருவார். குழி வந்தால் நான் குரல் கொடுப்பேன். ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே போய்வந்தோம்.

அன்று மழை பெய்து விட்டிருந்தது. எதிரே ஒரு காடி, அதாவது கார், வந்தது. அதன் பக்கம் சாலையில் பெரிய குழி, தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. வேகத்தைக் குறைக்காமல், குழியைத் தவிர்க்க அந்தக் காடி நேராக எங்கள் பக்கம் ஏறி வந்தது. நான் கத்திக்கொண்டே புல்லில் இறங்கினேன். எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது, கட்டையால் கட்டையை அடித்தது போல. திரும்பிப் பார்த்தபோது அக்காவின் சைக்கிள் மட்டும் சாலையில் கிடந்தது.

இதை நான் பலமுறை பலரிடம் சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்: அந்தக் காடி பிரேக் போட்டது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் பளிச்சென்று எரிந்ததை நான் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

டார்ச்சைக் கட்டிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா லோங்காங்கில் கிடந்தார், சாக்கடைத் தண்ணீர் இடுப்புவரை. வெளிச்சத்தை அவர் முகத்தில் அடித்தேன். கண் திறந்திருந்தது.

"அக்கா! எழுந்திரிக்க முடியுதா?"

"கையத் தொடாத தங்கச்சி. ஐயோ, தொடாத."

வலது முழங்கை இருக்க வேண்டிய மாதிரி இல்லை. நான் லோங்காங்கில் இறங்கி அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, வருகிற வண்டிகளுக்கெல்லாம் டார்ச்சை ஆட்டினேன். இரண்டு காடிகள் ஒதுங்கிப் போயின. காய்கறி ஏற்றி வந்த வேனை ஒரு மலாய்க்காரர் நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. "நாயெக், நாயெக்" என்று கதவைத் திறந்து, கீரைக் கூடைகளைத் தள்ளி இடம் செய்து ஏற்றிக்கொண்டார். ஏறும்போது என் காலில் ஏதோ தட்டியது. காடியின் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மூடி, அடர்சிவப்பு பிளாஸ்டிக். எடுத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் அக்காவை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் கணவர் வந்தார். வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "லைட்டு போட்டிருந்தீங்களா?"

கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். ஆபீசில் பேசிய பெண் கேட்டாள்: "சைக்கிள்ல லைட் இருந்திச்சா?" என் கணவரும் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டு அதையேதான் கேட்டார். டார்ச் என்று சொன்னதும் எல்லாரும் ஒரே மாதிரி, "ஓ, டார்ச்சா" என்றார்கள். அந்த "ஓ"வில் வழக்கே முடிந்துவிட்டது. சாலை விளக்கு ஏன் எரியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கவில்லை. இடித்தவர் ஏன் நிற்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. மருத்துவமனை நாற்காலியில் சாக்கடை நாற்றத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சுவரில் எதையாவது தூக்கி அடிக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் மாலை வேலை முடிந்து வெளியே வரும்போது இரவு ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் அடர்சிவப்புக் காடி ஒன்று நின்றது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் மூடி இல்லை, எலும்புக்கூடு மாதிரி கறுப்புக் கம்பிகள் தெரிந்தன. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசருடையது. நம்ம ஆள்தான். தீபாவளிக்கு எங்கள் எல்லாருக்கும் முறுக்குக் கொடுப்பவர்.

அவர் இறங்கும்வரை நின்றேன். பையிலிருந்து மூடியை எடுத்து நீட்டினேன்.

"சார், இது ஒங்களோடதா?"

அவர் முகம் மாறியது. "எங்க கெடச்சிச்சி?"

"அக்கா விழுந்து கெடந்த எடத்துல."

சுற்றும்முற்றும் பார்த்தார். "மெதுவா பேசும்மா."

"ஏன் சார் நிக்கல?"

"நைட் ஷிஃப்ட்லேர்ந்து கொஞ்சம் முன்னாடியே கெளம்பி வீட்டுக்குப் போறேன், தூக்கக் கலக்கம். குழிய ஒதுக்கி எடுத்தேன். ஏதோ தட்டுன மாதிரி இருந்திச்சி. மரக்கிளைன்னு நெனச்சேன்."

"மரக்கிளைக்கா பிரேக் போட்டீங்க? நான் பாத்தேன் சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றம் செய்தவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் கோபம் வருகிறது! "இருட்டுல லைட் இல்லாம சைக்கிள்ல வந்தா யாருக்குத் தெரியும்? நீங்களும் கொஞ்சம் யோசிக்கணும்லா."

"லைட் இருந்திச்சி."

"அது டார்ச் லைட்டும்மா. வெளிச்சம் வந்திச்சி, பாத்தேன். யாரோ நடந்து வர்றாங்கன்னு நெனச்சேன். அத வச்சி சைக்கிள்னு எப்படித் தெரியும்?"

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே புரியவில்லை.

"அப்ப நடந்து வந்திருந்தா இடிக்கலாமா சார்?"

வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு வந்து அக்காவப் பாருங்க. வரலன்னா இத எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றும் திருப்தி.

வந்தார். அதற்குள் மருத்துவமனையிலிருந்து அக்காவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிளாஸ்டிக் பையில் ஆப்பிளும் ஆரஞ்சும். அக்காவின் கணவரோடு உட்கார்ந்து காப்பி குடித்தார். சாலையைப் பற்றி, மழையைப் பற்றி, தூக்கத்தைப் பற்றிப் பேசினார். மன்னிப்பு என்று ஒன்று சொன்னார், அதுவும் கணவரிடம். கட்டுப்போட்ட கையோடு எதிரே உட்கார்ந்திருந்தவரிடம், "சீக்கிரம் நல்லாயிடும்மா" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, "பரவால்ல சார், தெரியாமத்தானே நடந்திச்சி" என்றார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அவர் போன பிறகு அக்கா பின்னால் வந்தார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? என்ன பரவால்ல?"

"எம்மவன் போன மாசம்தான் அங்க சேந்தான். அவருக்குக் கீழதான் வேல. நீ ஸ்டேஷன் அது இதுன்னு போயிடாத தங்கச்சி. கும்புட்டுக் கேக்கறேன்."

கும்பிட ஒரு கைதான் அவருக்கு இருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எப்படிப் போவேன்? மூடியை மேசைமேல் வைத்துவிட்டு மாடியேறினேன். அன்று எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இடித்தவர்மேல் இருந்தது. அக்காமேலும் இருந்தது. அவர்மேல் கோபப்பட வேண்டியதாகிவிட்டதே என்ற கோபமும் இருந்தது.

கொஞ்ச நாளில் கம்பெனி எங்களையெல்லாம் கேன்டீனுக்குக் கூப்பிட்டது. பாதுகாப்பு பற்றிய பேச்சாம். உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில் என்று திரையில் படம் ஓட்டினார்கள். பிறகு சைக்கிளில் வருகிறவர்களுக்கு மின்னும் பட்டை வைத்த மஞ்சள் மேல்சட்டை கொடுத்தார்கள், முதுகில் கம்பெனி பெயர் போட்டது. மேனேஜரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டேன், மாட்டவில்லை.

"சட்டை வேணாம்னு சொல்லல. பஸ் எப்போ உள்ள வரும்?"

மேனேஜர் கேள்வி பதில் நேரம் பிறகு இருக்கிறது என்றார். "இதுதான் கேள்வி. அக்கா கை ஒடைஞ்சது சட்டை இல்லாததால இல்ல. பஸ் இல்லாததால" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணும் சட்டையை மாட்டவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவளும் மாட்டவில்லை. எங்கள் ஃபிளாட் பெண்கள் ஒருத்தரும் படத்துக்கு நிற்கவில்லை. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பரிசீலிப்போம் என்றார் மேனேஜர்.

அடுத்த மாதம் பஸ் உள்ளே வந்தது. பெண்கள் டிரைவருக்குக் கைதட்டினார்கள். நான் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"உள்ள வந்து திரும்ப ஒரு பாட்டு முடியற நேரம்கூட ஆகலம்மா. இதுக்குப்போய் நிறுத்தி வச்சாங்க."

அவர் நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு பாட்டு நேரத்துக்காகத்தான் அக்காவின் கை போயிருந்தது. "பேசாம ஓட்டுங்கண்ணே" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்கா பிறகு வேலைக்கு வரவில்லை. முழங்கைக்குள் தகடு வைத்தார்கள், கை தோளுக்குமேல் எழும்பவில்லை, பெட்டி கட்ட முடியாது. பஸ் உள்ளே வந்த அந்த முதல் நாள் காலை, ஃபிளாட் வாசலில் அது திரும்பியபோது அவர் கீழ்ப்படியில் நின்று இடது கையை ஆட்டினார். சிரித்த முகம். நான் பதிலுக்குக் கை ஆட்டினேன். பஸ் பெரிய சாலைக்கு வரும்வரை நான் பல்லைக் கடித்தபடியே இருந்தேன்.